பருத்தி இல்லாத நாட்டின் சட்டை

தையல் ஊசியின் தேசங்கள் – 12

1978இல் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்திடம் ஆள் இருந்தது, மெஷின் இருந்தது, ஆர்டரும் இருந்தது. பூசான் நகரில் அது நடத்திய தையல் ஆலை அன்றைய உலகின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. அமெரிக்கக் கடைகள் இன்னும் அனுப்பு என்றன. அனுப்பத்தான் வழியில்லை. சென்ற பகுதியில் பார்த்த பல்லிழை ஒப்பந்தம் குறுக்கே நின்றது. எந்த நாட்டிலிருந்து ஆண்டுக்கு எத்தனை டஜன் சட்டை, எத்தனை டஜன் கால்சட்டை வரலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கனடாவும் எழுதி வைத்திருந்தன. ஹாங்காங், தைவான், கொரியா மூன்றுக்கும் அந்த அளவு போதவில்லை. இனியும் கூடுதலாக விற்க வேண்டுமென்றால், அந்தப் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு நாட்டில் உட்கார்ந்து தைக்க வேண்டும்.

வங்கதேசத்தின் பெயர் பட்டியலில் இல்லை. அந்த நாடு சட்டை விற்கும் என்று யாருமே எதிர்பார்க்காததால், அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைய வங்கதேசம் என்றால் சணல். விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் அதன் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சணலும் சணல் பொருள்களும் கொண்டுவந்தவை. ஒரே பொருளையும் ஒருசில வாங்குபவர்களையும் நம்பியிருப்பதன் ஆபத்தை அது 1974இலேயே கண்டுகொண்டது. கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றதை அமெரிக்கா குற்றமாக எடுத்துக்கொண்டு உணவு உதவியை நிறுத்திவைத்தது. அது பஞ்ச ஆண்டு. யாருக்கு விற்கிறோம் என்பதற்கும் உலையில் கொதிக்கும் அரிசிக்கும் உள்ள உறவு அந்நாட்டுக்கு இப்படித்தான் அறிமுகமாயிற்று.

பருத்தியும் அங்கே பெயருக்குத்தான் விளைந்தது. டாக்கா மஸ்லினைப் பற்றி இத்தொடரின் தொடக்கப் பகுதிகளில் வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. அதற்கும் நாம் இப்போது பார்க்கப்போகும் சட்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வங்கதேசத்து மேடைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுண்டு. கேட்க இனிமையாக இருக்கும், அவ்வளவே. இந்தச் சட்டைக்குத் துணி வெளிநாட்டிலிருந்து வந்தது, பொத்தானும் நூலும் காலர் பட்டையும் வெளிநாட்டிலிருந்து வந்தன, அட்டைப்பெட்டிகூட வந்தது. உள்நாட்டில் இருந்தது கை மட்டும்தான்.

முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் ரியாஸ் கார்மென்ட்ஸ் என்பார்கள். 1960இல் டாக்காவில் தையல் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1978இல் பாரிஸ் நிறுவனம் ஒன்றுக்கு 10,000 ஆண்கள் சட்டையை அனுப்பியது. முதலடி என்ற மரியாதை அதற்கு உண்டு. ஆனால் ஒரு தொழிலையே பெற்றுப்போட்ட கதை சிட்டகாங்கில் நடந்தது.

அதன் நாயகர் நூருல் காதிர். வணிகக் குடும்பத்தவர் அல்ல, அரசு அதிகாரி. 1971இல் பாப்னா மாவட்ட ஆட்சியராக இருந்தபோது விடுதலைப் போரில் இறங்கியவர், பிறகு புதிய அரசின் செயலாளர்களில் ஒருவர். பதவியை விட்டு வந்து ‘தேஷ் கார்மென்ட்ஸ்’ தொடங்கினார். 1978இல் டேவூவின் தலைவர் கிம் வூ-சூங்கோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் டேவூ ஒரு டாலர்கூட முதல் போடவில்லை. தொழில் கற்றுத்தரும், மெஷின் வாங்கித்தரும், சட்டையை விற்றுத்தரும். பதிலுக்கு விற்பனையில் நூற்றுக்கு எட்டு. கோட்டா இல்லாத மண்ணும் கோட்டா தீர்ந்த மூளையும் கைகோத்த ஏற்பாடு இது.

1979இல் தேஷ் தன் ஆட்கள் 130 பேரைப் பூசானுக்கு அனுப்பியது. அவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கிக் கற்றார்கள். தையல் மட்டுமல்ல, துணியை அடுக்கி வெட்டுவது, லைன் பிரிப்பது, ஒரு சட்டைக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கிடுவது, செக்கிங், பேக்கிங், வாங்குபவருக்குக் கடிதம் எழுதுவது வரை எல்லாம். 1980இல் சிட்டகாங்கின் காலூர்காட்டில் ஆலை ஓடத் தொடங்கியது. முதல் ஆண்டில் போன சட்டைகள் 43,000. மொத்த மதிப்பு 60,000 டாலரைக்கூடத் தொடவில்லை.

1981இன் நடுவிலேயே தேஷ் டேவூ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. கற்றுக்கொண்டாகிவிட்டது, இனி எதற்குக் கமிஷன் என்பது அதன் எண்ணம். ஆனால் அதே எண்ணம் பூசானுக்குப் போய்வந்தவர்களுக்கும் வரும் என்று நூருல் காதிர் கணக்குப் போட்டிருந்தாரா தெரியவில்லை. 130 பேரில் 115 பேர் அந்தப் பத்தாண்டுக்குள் தேஷைவிட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்தமாகத் தொடங்கினார்கள். மற்றவர்களைப் புதிய முதலாளிகள் அதிகச் சம்பளம் சொல்லி இழுத்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனத்துக்கு இது நஷ்டம். ஒரு நாட்டுக்கு இதைவிட மலிவான தொழிற்கல்வி கிடைத்ததில்லை.

ஆள் பயிற்சியைவிட முக்கியமான இன்னொன்றும் தேஷிலிருந்து பரவியது. பொருளாதார வரலாறுகளில் இது ஒரு வரியில் கடந்துபோகும். நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் காசில்லாத நாட்டில் நான்காயிரம் ஆலை எப்படி முளைத்தது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

நியூயார்க் வணிகர் ஒருவர் ஒரு லட்சம் டாலருக்குச் சட்டை கேட்டு எல்.சி. திறக்கிறார் என்று வையுங்கள். சட்டை கப்பலேறியதும் பணம் தருவேன் என்று அவருடைய வங்கி கொடுக்கும் உறுதி அது. சட்டை தைக்கத் துணி வேண்டும். துணி கொரியாவிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ வர வேண்டும். டாக்கா முதலாளியிடம் டாலர் இல்லை, நாட்டிடமும் இல்லை. அவர் தன் பெயருக்கு வந்த அந்த எல்.சி.யையே தன் வங்கியில் ஈடாக வைக்கிறார். அதன்மேல் வங்கி துணிக்காரருக்கு இரண்டாவது எல்.சி. ஒன்றைத் திறக்கிறது. துணி வருகிறது, சட்டையாகிப் போகிறது, நியூயார்க் பணம் வந்ததும் வங்கி முதலில் துணிக்காரருக்குத் தீர்த்துவிட்டு மிச்சத்தை முதலாளி கணக்கில் போடுகிறது. இந்த ‘பேக் டு பேக்’ எல்.சி. முறையும், வந்த துணிக்குச் சுங்கம் கட்டாமல் பூட்டிவைத்து உடையாக வெளியேற்றும் பாண்டட் கிடங்கு முறையும் சேர்ந்தபோது, முதலாளி ஆவதற்குத் தேவையானவை ஒரு வாடகை மாடி, சில டஜன் மெஷின், வெளிநாட்டில் ஒரு வாங்குபவர் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. நூறு டாலர் ஏற்றுமதியில் எழுபது, எழுபத்தைந்து டாலர் துணிக்கே போயிற்று. மீதிதான் கூலி, வாடகை, லாபம் எல்லாம்.

டாக்காவின் மாலிபாக், மீர்ப்பூர் போன்ற பகுதிகளில் குடியிருக்கக் கட்டிய வீடுகளின் மாடிகளில் மெஷின் ஏறியது. 1983-84இல் நாட்டின் ஆடை ஏற்றுமதி சுமார் 3.2 கோடி டாலர். அடுத்த ஆண்டு 11.6 கோடி. ஒரே ஆண்டில் மூன்றரை மடங்குக்கு மேல்.

வாஷிங்டன் விழித்துக்கொண்டது. 1985இல் வங்கதேசச் சட்டைக்கும் கோட்டா வந்தது. பிரிட்டனும் பிரான்சும் தங்கள் பங்குக்குத் தடுத்தன. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, நேற்று தொடங்கிய தொழில், இதனால் அமெரிக்கத் தையல் தொழில் அழிந்துவிடும் என்று வாதாட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். துறைமுகத்தில் சரக்கு தேங்கியது, பல ஆலைகள் மூடின. பிரிட்டனில் உள்ளூரிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. பட்டினிக்குத் தானியம் அனுப்பிவிட்டு உழைத்துச் சம்பாதித்த சட்டையைத் தடுப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். 1986இல் பிரிட்டனும் பிரான்சும் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டன. அமெரிக்கா விலக்கவில்லை, பேரம் பேசி அளவைக் கூட்டிக்கொடுத்தது.

அந்த ஆண்டிலிருந்து வங்கதேசத்துக்கு முன்னால் இரண்டு சந்தைகள் இரண்டு விதமாகத் திறந்து நின்றன. அமெரிக்காவில் அளவுக்குக் கட்டுப்பாடு, சுங்கமும் உண்டு. ஐரோப்பாவில் அளவுக்கட்டு இல்லை, சுங்கச் சலுகை உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. இந்த நாட்டின் ஆலைகள் எதைத் தைத்தன, எந்த ஊரில் தைத்தன, எந்த மெஷின் வாங்கின என்பதையெல்லாம் இந்த இரண்டு வாசல்களும்தான் முடிவு செய்தன. கூலி மலிவு என்பது உண்மைதான். கூலி மலிவான நாடுகள் உலகில் ஐம்பது இருந்தன.

அமெரிக்கக் கோட்டா எதிரியாக வந்து நண்பனான கதை வேடிக்கையானது. கோட்டா இருக்கிறது என்றால், அந்த அளவுவரை உனக்கு இடம் உண்டு என்று பொருள். சீனாவோ இந்தியாவோ எவ்வளவு மலிவாகத் தைத்தாலும் அந்த இடத்துக்குள் நுழைய முடியாது. அமெரிக்க வணிகரும் கோட்டாவைத் தேடித்தான் நாடு நாடாக அலைந்தார். இலங்கையில் 1978இல் கட்டுநாயக்க வலயம் திறந்தபோது ஹாங்காங்காரர்கள் அங்கே ஓடிவந்ததும் இதே கணக்கில்தான். திருப்பூரில் அந்தக் காலத்தைக் கண்ட ஏற்றுமதியாளர்களைக் கேட்டால், துணியைவிடக் கோட்டாவுக்குத்தான் அதிகம் அலைந்தோம் என்பார்கள். காகிதத்தில் எழுதிய ஒரு டஜன் கணக்கு கைமாறும்போது அதற்கே ஒரு விலை உண்டு. ஹாங்காங்கில் அது வெளிப்படையான சந்தை. மற்ற இடங்களில் அவ்வளவு வெளிப்படை இல்லை.

இந்த நிழலில் வங்கதேசம் வளர்ந்தது. 1990-91இல் ஆடை ஏற்றுமதி 86 கோடி டாலரைத் தாண்டியது, சணல் அதற்கு முன்பே இரண்டாம் இடத்துக்குப் போயிருந்தது. வாங்கியதில் ஏறத்தாழ பாதி அமெரிக்கா. போனவை பெரும்பாலும் நெய்த துணியில் தைத்த சட்டையும் கால்சட்டையும். உள்நாட்டில் நெசவாலை இல்லாதது அந்தச் சந்தையில் குறையாகத் தெரியவில்லை. துணி எங்கிருந்து வந்தால் என்ன, அமெரிக்கச் சுங்கத்துக்குத் தைத்த நாடுதான் முக்கியம்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெண்கள். வீட்டு வாசலைத் தாண்டுவதே பேச்சுக்கு இடமான கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள், காலையில் டாக்கா தெருக்களில் கூட்டங்கூட்டமாக டிபன் தூக்குடன் நடந்துபோனது அந்நாட்டு மத்தியதரத்துக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நைலா கபீர் என்ற ஆய்வாளர் 2000இல் வெளிவந்த தம் நூலில் ஒரு விநோதத்தைத் தொட்டுக் காட்டினார். டாக்காவில் பெண்கள் வீட்டை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தார்கள். லண்டனில் குடியேறிய வங்கதேசப் பெண்களோ வீட்டுக்குள் உட்கார்ந்தே உடை தைத்துக் கொடுத்தார்கள். எந்த ஊர் கட்டுப்பெட்டி, எந்த ஊர் முற்போக்கு என்று முடிவு கட்டிவைத்திருந்தவர்கள் திரும்பப் படிக்க வேண்டிய நூல்.

அந்தப் பெண்களின் கூலியையும் சொல்லிவிட வேண்டும். 1994இல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதக்கூலி 930 டாகா (வங்கதேச நாணயம்). அது அடுத்து மாறியது 2006இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில் ஏற்றுமதி சுமார் 155 கோடி டாலரிலிருந்து 790 கோடி டாலருக்கு ஏறியது. கூலி அசையவில்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாங்கும் நாட்டின் ஒரு பேச்சு விற்கும் நாட்டில் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சான்று. 1990களின் தொடக்கத்தில் டாம் ஹார்க்கின் என்ற அமெரிக்க செனட்டர், சிறுவர் உழைப்பில் உருவான பொருளைத் தடைசெய்யும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. மசோதா என்ற செய்திக்கே டாக்கா முதலாளிகள் பயந்து ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரை வெளியே அனுப்பினார்கள். பள்ளிக்குப் போனவர்கள் குறைவு. கல் உடைக்கவும் வீட்டுவேலைக்கும் போனவர்களே அதிகம் என்று பிறகு தெரிந்தது. 1995 ஜூலையில் முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் ஒப்பந்தம் செய்து, பள்ளி ஏற்பாட்டோடு முறையாக விலக்குவது என்று முடிவெடுத்தன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதல் அலையில் போனவர்கள் போனவர்கள்தான்.

இனி ஐரோப்பாவின் நிபந்தனைக்கு வருவோம். சுங்கம் இல்லாமல் உள்ளே வா, ஆனால் அந்த உடை உண்மையிலேயே உன் நாட்டில் உருவானதாக இருக்க வேண்டும் என்றது அது. தைத்தால் மட்டும் போதாது. பின்னலாடை என்றால் நூற்பும் பின்னலும் தையலும் அங்கேயே நடக்க வேண்டும் என்று முதலில் கண்டிப்பு. இந்தியாவிலிருந்து நூலையோ துணியையோ வாங்கித் தைத்துவிட்டு, எல்லாம் எங்கள் ஊரில்தான் என்று சான்றிதழ் வாங்கி அனுப்பியவர்கள் 1990களின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பிரஸ்ஸல்ஸ் தோண்டித் துருவி, கொடுத்த சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கியது. விட்ட சுங்கத்தைக் கட்டு என்று இறக்குமதியாளர்கள் தலையில் விழுந்தது. 1990களின் இறுதியில் விதி தளர்ந்தது. நூலை வெளியிலிருந்து வாங்கலாம், பின்னுவதும் தைப்பதும் உள்நாட்டில் நடந்தால் போதும்.

இந்த ஒரு தளர்வுதான் நாராயண்கஞ்சை எழுப்பியது. டாக்காவுக்குத் தெற்கே சீதாலக்யா ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊரைச் சணல் காலத்தில், ஸ்காட்லாந்தின் சணல் நகரை நினைத்து, கிழக்கின் டண்டீ என்றார்கள். உள்ளூருக்குப் பனியன் பின்னும் சிறு பட்டறைகளும் அங்கே முன்பே இருந்தன. நெசவாலை போடப் பெரும் முதல் வேண்டும். வட்டப் பின்னல் மெஷின் நாலைந்து வாங்கிப் போட அவ்வளவு வேண்டாம், இது திருப்பூர் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. பின்னல், சாயம், தையல் மூன்றும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தன. பின்னலாடைக்காரர்கள் 1996இல் தங்களுக்கென்று தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். 2001இல் ஐரோப்பா ‘ஆயுதம் தவிர அனைத்தும்’ என்ற திட்டத்தின் கீழ் மிக ஏழை நாடுகளின் சரக்குக்கு முழுச் சுங்கவிலக்கு அளித்தது. 1991-92இல் நெய்த ஆடை ஏற்றுமதியில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே இருந்த பின்னலாடை, 2007-08இல் அதை முந்திவிட்டது.

சாயக்கழிவில் சீதாலக்யா கறுத்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். திருப்பூரில் நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை.

2002 ஜூன் 30 அன்று நாராயண்கஞ்சின் ஆதம்ஜி சணல் ஆலை மூடப்பட்டது. அதன் நிலத்தில் பிறகு ஏற்றுமதி வலயம் வந்தது, தையல் ஆலைகள் வந்தன.

நாராயண்கஞ்சுக்கு நூல் இந்தியாவிலிருந்து போயிற்று, தமிழ்நாட்டு நூற்பாலைகளின் நூலும் அதில் உண்டு. அந்த நூலில் பின்னிய டி-ஷர்ட் ஜெர்மனிக்குச் சுங்கமின்றி இறங்கியது. அதே நூலில் திருப்பூர் பின்னிய டி-ஷர்ட்டுக்கு 9.6 சதவீதம் சுங்கம் இருந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். நூற்பாலைக்காரர்கள் அவ்வளவாகச் சலித்துக்கொள்ளவில்லை. ஒரே மாநிலத்துக்குள் வங்கதேசத்தைப் பற்றி இரண்டு கருத்து இருப்பதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்கப் பக்கம் கதை வேறாகப் போயிற்று. 2000இல் அமெரிக்கா சட்டம் இயற்றி ஆப்பிரிக்காவின் சகாரா தென்பகுதி நாடுகளுக்கும் கரீபிய நாடுகளுக்கும் ஆடைச் சுங்கத்தைத் தள்ளுபடி செய்தது. ஆசியாவின் ஏழைகள் அந்த வரிசையில் சேர்க்கப்படவில்லை. அடுத்து 2001 செப்டம்பர் தாக்குதல், கடைகளில் விற்பனை படுத்தது. 2000-01இல் 486 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி அடுத்த ஆண்டு 458 கோடியாக இறங்கியது. ஏறியே பழகிய தொழிலுக்கு அது பெரிய அடி. சுங்கத்தின் சுமையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். 2006இல் வங்கதேசம் அமெரிக்காவுக்கு விற்றது சுமார் 330 கோடி டாலர் சரக்கு. அதற்காக வசூலான சுங்கம் 50 கோடி டாலரை நெருங்கியது. அதே ஆண்டு 5,000 கோடி டாலருக்கு மேல் விற்ற பிரிட்டனின் சரக்குக்கு வசூலானது அதைவிடக் குறைவு. விமான எந்திரத்துக்குச் சுங்கம் சொற்பம். பருத்திச் சட்டைக்கு அப்படியல்ல.

ஆகவே எடை ஐரோப்பாப் பக்கம் சாய்ந்தது, இன்றுவரை நிமிரவில்லை. 2024-25 நிதியாண்டின் 3,935 கோடி டாலர் ஆடை ஏற்றுமதியில் சரிபாதி ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அமெரிக்கா, ஒன்பதில் ஒரு பங்கு பிரிட்டன். தனி நாடு என்று பார்த்தால் இன்றும் அமெரிக்காதான் முதல் வாங்குபவர். ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா, சீனா என்று புதிய சந்தைகளைத் தேடி அரசு ஊக்கத்தொகையெல்லாம் கொடுத்துப் பார்த்தது. வளர்ச்சி உண்டு, ஆனாலும் பழைய சந்தைகளுக்கு வெளியே போவது ஆறில் ஒரு பங்குதான். இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 2022-23க்கு 4,699 கோடி டாலர் என்று முதலில் அறிவித்தார்கள். 2024இல் வங்கதேச மத்திய வங்கி கணக்கைத் திருப்பிப் பார்த்தபோது ஒரே சரக்கு இரண்டு முறை பதிவாகியிருந்தது தெரிந்தது. அதனால் அந்தச் சில ஆண்டுகளின் எண்களை மேற்கோள் காட்டும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

திரும்பவும் நம் காலவரிசைக்கு வருவோம். 2004 டிசம்பர் 31 நள்ளிரவோடு கோட்டா முறை உலகெங்கும் முடிவுக்கு வருவதாக இருந்தது. பத்தாண்டுக்கு முன்பே, உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோதே எழுதிவைத்த தேதி அது. எல்லா அறிக்கையும் ஒரே குரலில் பேசின. சீனாவும் இந்தியாவும் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், கோட்டா நிழலில் வளர்ந்த வங்கதேசம் வெயிலில் வாடும். பத்து லட்சம் பேருக்கு மேல் வேலை போகும் என்று அஞ்சியவர்கள் உண்டு. வாதத்தில் பிழையில்லை. துணி சொந்தமாக இல்லை, துறைமுகம் மந்தம், மின்சாரம் அடிக்கடி போகும். ஆர்டர் கிடைத்ததிலிருந்து சரக்கு ஏறும்வரை ஆகும் நாள் சீனாவைவிட அதிகம்.

2005 பிறந்தது. சீனச் சரக்கு அணை உடைத்ததுபோல் பாய்ந்தது உண்மை. மேற்குநாடுகளால் ஆறு மாதம்கூடத் தாங்க முடியவில்லை. ஜூனில் ஐரோப்பா சீனாவோடு புதிய அளவுக்கட்டு ஒன்றைப் பேசி முடித்தது. ஆகஸ்டில் அந்த அளவும் நிரம்பி, கோடிக்கணக்கான ஸ்வெட்டரும் கால்சட்டையும் உள்ளாடையும் ஐரோப்பியத் துறைமுகங்களில் முடங்கின. நவம்பரில் அமெரிக்காவும் அதே வழியில் 2008 முடியும்வரை சீனாவுக்குத் தடை போட்டது. எல்லாருக்கும் கோட்டா போயிற்று, சீனாவுக்கு மட்டும் வேறு பெயரில் திரும்பி வந்தது. இடைவெளி விழுந்த இடத்தில் டாக்கா நுழைந்தது. 2004-05இல் சுமார் 640 கோடி டாலர், அடுத்த ஆண்டு 790 கோடி, அதற்கடுத்து 921 கோடி, 2007-08இல் 1,070 கோடி. உலகமே பொருளாதாரச் சரிவில் விழுந்த 2008-09இல்கூட 1,235 கோடி. விலை உயர்ந்த உடையை வாங்கியவர்கள் மலிவு உடைக்கு இறங்கியபோது, அந்த மலிவு உடையைத் தைத்த நாடு இதுவாக இருந்தது.

வெற்றிதான். ஆனால் அது எப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் நடந்தது என்று யாரும் ஏறிப் பார்க்கவில்லை. கோட்டா முடிந்து நூறு நாள் ஆன நிலையில், 2005 ஏப்ரல் 11 அன்று, டாக்காவை அடுத்த சாவாரில் ஐரோப்பாவுக்கு ஸ்வெட்டர் தைத்த ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. 64 பேர் இறந்தார்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனிகளின் பெயர்கள் அப்போதுதான் வெளியே வந்தன. 2013இல் ராணா பிளாசா என்ற தையல் ஆலைக் கட்டடம் இடிந்ததற்கு எட்டு ஆண்டுகள் முந்தைய அந்த விபத்திலிருந்து அடுத்த பகுதியைத் தொடங்குவோம்.